முப்பத்தேழு சென்ட்

எங்கள் குடியிருப்பின் பின்மூலையில், ஜெனரேட்டர் அறைக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அப்பால், 37 சென்ட் நிலம் ஒன்று மூன்றாண்டுகளாகக் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கட்டடம் எழுப்பியபோது மிஞ்சிய உடைந்த கற்களும் தரை ஓடுகளும் ஒருபுறம், சீமைக்கருவேலம் மறுபுறம், தெருவை ஒட்டினாற்போல் ஒரு பழைய வேம்பு. நாங்கள் யாவரும் வந்து சேர்வதற்கு முன்பே அங்கிருந்தது அந்த மரம் ஒன்றுதான். சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருக்களில் இத்தகைய துண்டு நிலங்கள் அநேகம் உண்டு. எவருடைய நிலமோ என்று எண்ணியபடி கடந்து போய்விடுவோம்.

அது எவருடையது என்று நான் அறிந்துகொண்டது ஒரு மனு எழுதப் போய். ஒருநாள் மாலை குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "மேடம், நீங்க தமிழ் புரொபசர். அந்த இடத்துல பார்க் வேணும்னு ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதணும். நல்ல தமிழ்ல இருந்தா மதிப்பா இருக்கும்" என்றார். இருபதாண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவளுக்கு வெளியுலகம் தரும் பணிகள் இரண்டுதான். ஒன்று வரவேற்புரை, மற்றொன்று மனு. மறுக்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற கோப்பைப் படித்தபோதுதான் செய்தி விளங்கிற்று. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டடம் எழுப்புவோர், சாலைகள் நீங்கலாக மீதிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் பொதுவுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இவ்வாறு சொல்கின்றன. அதனினும் சிறிய மனையென்றால் நிலத்துக்கு ஈடாகப் பணம் கட்டித் தப்பலாம். பெரிய மனைக்கு அந்த வழி இல்லை. எங்கள் மனை நான்கு ஏக்கர். ஆகவே அந்த 37 சென்ட் எங்களுடையதும் அன்று, கட்டியவருடையதும் அன்று. அது பொது நிலம். வீட்டை விற்றபோது தரப்பட்ட வண்ணப் புத்தகத்தில் அதே இடத்தில் புல்தரையும், பலூன் பிடித்த குழந்தையும், 'உங்களுக்கே உங்களுக்கான பூங்கா' என்னும் வாசகமும் இருந்தது வேறு கதை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்த்தேன். 37 சென்ட் என்பது ஏறத்தாழ 1,500 சதுர மீட்டர். எங்களிடம் 480 வீடுகள். வீட்டுக்கு மூன்றரைப் பேர் என்று கொண்டால் 1,680 பேர். தெருவுக்கு அப்பால் பழைய ஊர், அங்கே முந்நூறு வீடுகளாவது இருக்கும். பொது நிலம் என்றால் அவர்களுக்கும் பொதுதானே. இருசாராரையும் சேர்த்தால் ஆளுக்கு அரைச் சதுர மீட்டர் வருகிறது, விரித்த நாளிதழ் ஒன்றைவிடச் சற்றே பெரிது. மத்திய அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி, எல்லாவகைத் திறந்தவெளிகளையும் சேர்த்து ஒருவருக்குப் 10 முதல் 12 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. நாங்கள் ஒரு நாளிதழின் மீது நின்றுகொண்டு திட்டம் தீட்டத் தொடங்கினோம்.

முதல் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்திருந்தோம். பெண் நான் ஒருத்திதான். ஒருவருக்கு எட்டு வடிவ நடைபாதை வேண்டும். இன்னொருவருக்குக் கொரியன் புல், ஆனால் அதன்மேல் எவரும் நடக்கக் கூடாது. உடற்பயிற்சிக் கருவிகள், இறகுப்பந்துக் களம், யோகா மண்டபம், நீரூற்று, மணல் தொட்டி என்று பட்டியல் வளர்ந்தது. விருந்தினர் வண்டிகள் இருபது நிற்க இடம் வேண்டும் என்று ஒருவர் மெய்யாகவே கேட்டார். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து கூட்டிச் சொன்னார். 82 சென்ட்.

இதில் என் பங்குக்கும் ஓர் அபத்தம் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிச் சொல்கிறார் என்று பேச்சுவாக்கில் உளறிவிட்டேன். உடனே அந்த 99 செடிகளையும் வரிசையாக நட்டுப் பெயர்ப்பலகை வைத்துவிட வேண்டும் என்று தீர்மானமே எழுதப்பட்டுவிட்டது. மலைநிலத்துப் பூவெல்லாம் உப்புக் காற்றும் களிமண்ணும் உள்ள இந்த நெய்தல் நிலத்தில் பிழைக்காது என்றேன், கேட்பாரில்லை. குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும் என்று சொன்ன பிறகே கைவிட்டார்கள். புன்னை வைக்கலாம் என்றேன். நற்றிணையில் ஒரு தலைவி புன்னையைத் தன் உடன்பிறந்தவளாகக் கருதி, அதன் நிழலில் காதலனோடு பேச நாணுவாள். கடற்கரை மண்ணில் தானாக வளரும் மரம். பொறியாளர் வேறொரு காரணத்தால் ஒப்புக்கொண்டார். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் வந்தபோது அவர் முன்பு குடியிருந்த தெருவில் சாய்ந்தவற்றுள் பெரும்பாலானவை அழகுக்கென வைத்த மயிற்கொன்றைகளாம். புன்னையும் புங்கனும் பூவரசும் என்று முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் ஒருமனதாக முடிந்தது அது ஒன்றே.

கட்டடக்கலை பயிலும் என் அண்ணன் மகளிடம் வரைபடத்தைக் காட்டினேன். மரங்களைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. "அத்தை, இந்த இடத்த யார் தாண்டிப் போவாங்க?" என்றாள். அவள் தந்த புத்தகம் ஜேன் ஜேக்கப்ஸ் எழுதி 1961இல் வெளியானது, அமெரிக்கப் பெருநகரங்களின் வாழ்வையும் சாவையும் பற்றியது. பூங்கா அமைத்துவிட்டால் பேட்டைக்கு உயிர் வந்துவிடும் என்பதை அந்த அம்மையார் ஏற்பதில்லை. சுற்றியுள்ள பேட்டைதான் பூங்காவுக்கு உயிர் தர வேண்டும் என்கிறார். பிலடெல்பியாவில் ஒரு சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, காலையில் நடப்பவர், பிறகு பிள்ளைகளோடு வரும் தாய்மார், நண்பகலில் உணவருந்த வருவோர் என்று நாள் முழுதும் ஆட்கள் மாறிமாறி வருவதாலேயே அது வாழ்கிறது என்று காட்டுகிறார்.

அதைப் படித்தபோது எனக்குப் பனகல் பூங்கா நினைவுக்கு வந்தது. 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தார்கள். ஏரியைத் தூர்த்தது சரியா என்று மழைக்காலந்தோறும் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பூங்காவை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். சாலைகள் பல வந்து கூடுமிடத்தில், நட்டநடுவே. எங்கு போகிறவரும் அதைச் சுற்றித்தான் போயாக வேண்டும். எங்கள் வரைபடத்திலோ விற்பதற்கு ஆகாத மூலை எதுவோ அதுதான் திறந்தவெளி. பத்தில் ஒரு பங்கு என்ற அளவு நிறைவேறிவிட்டது. எந்தப் பங்கு என்று கேட்பவர் இல்லை.

இனி, நான் எழுதிய மனுவைச் சொல்ல வேண்டும். சொல்வதற்குச் சற்று வெட்கமாக இருக்கிறது.

கூட்டத்தின் பெருங்கவலை பாதுகாப்பு. ஊர்ப் பையன்கள் வருவார்கள், குடிப்பவர்கள் வருவார்கள், நம் பெண்பிள்ளைகள் எப்படிப் போவார்கள் என்றார்கள். எனக்குப் பதினேழு வயதில் மகள் இருக்கிறாள். நான் கேலியாகச் சிரித்துவிட்டுப் போக முடியாது. அன்றிரவு மணிமேகலையை எடுத்து மலர்வனம் புக்க காதையைப் படித்தேன். மணிமேகலையின் கண்ணீர் பட்டு மாலை வாடிவிட, புதுமலர் கொய்துவர அவளை அனுப்ப வேண்டியிருக்கிறது. சுதமதி பதறுகிறாள். அவளே சம்பை நகரில் பூக்கொய்யப் போன இடத்தில் ஒரு விஞ்சையனால் கவர்ந்து செல்லப்பட்டவள். ஆகவே புகாரின் சோலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறாள். இலவந்திகைக்குப் போனால் அரசனைச் சேர்ந்தோர் இருப்பர். உய்யானம் தேவர்களுக்கானது. சம்பாதி வனமும் கவேர வனமும் தெய்வங்களின் காவலில் உள்ளவை. எஞ்சுவது உவவனம் ஒன்றே. ஓர் இளம்பெண் எந்தச் சோலைக்குத் துணிந்து போகலாம் என்ற கேள்வியைத் தமிழ் எவ்வளவு முன்பே கேட்டிருக்கிறது என்று வியந்தேன்.

வியந்ததோடு நின்றிருக்கலாம். மனுவில் அதைப் பயன்படுத்தினேன். எட்டடி மதில், மேலே முள்கம்பி, குடியிருப்பின் உட்புறமிருந்து மட்டும் ஒரு வாயில், காலை பத்து முதல் மாலை நான்குவரை பூட்டு. இவை அனைத்தும் 'மகளிரின் மாண்பினைப் பேணும் பொருட்டு' வேண்டப்படுவன என்று அழகான தமிழில் எழுதினேன். சங்கத்தில் கைதட்டினார்கள்.

மறுவாரம், எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவும் அம்மா பாத்திரம் கழுவியபடியே கேட்டார்: "அந்த மரத்தாண்ட செவுரு வெக்கப் போறாங்களாமே, மெய்யாவா டீச்சரம்மா? சாத்திட்டா நாங்க மத்தியானத்துல எங்க போறது?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு விளங்கச் சொன்னார். அவருக்கு எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகள். காலை ஏழு முதல் பதினொன்றரை வரை ஒரு சுற்று, மாலை நான்கு முதல் ஏழு வரை மறு சுற்று. வீடு பெரும்பாக்கத்தில். நகருக்குள் கூவம் கரையில் பிறந்து வளர்ந்து, அங்கிருந்து மறுகுடியமர்வில் அனுப்பப்பட்டவர். இரண்டு பேருந்து மாறிப் போய், அடுப்பைப் பார்த்துவிட்டு உடனே திரும்ப வேண்டும் என்பதால் நடுப்பகலில் அவர் வீட்டுக்குப் போவதில்லை. கீழ்த்தள வரவேற்பறையின் இருக்கைகளில் பணியாளர்கள் அமரக் கூடாது என்று சங்க விதி உண்டு. அந்த விதியையும் நான்தான் தமிழாக்கினேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டிலேயே இருங்களேன் என்று சொல்ல வாயெடுத்தேன். நான் கல்லூரிக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவள்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அங்கே போனேன். மே மாதம். மூன்றாண்டுகளில் அந்த நேரத்தில் அங்கு நான் போனதே இல்லை. வேம்பின் அடியில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். சிலர் உண்டுகொண்டிருந்தார்கள், ஒருத்தி மற்றொருத்திக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். இரவுப்பணி முடித்த காவலாளி ஒருவர் அட்டைப்பெட்டியை விரித்து உறங்கிக்கொண்டிருந்தார். உணவு கொண்டுவரும் இளைஞர்கள் மூவர் வண்டிமேல் சாய்ந்திருந்தார்கள். மரத்தை ஒட்டித் தெருவோரம் இஸ்திரி வண்டி. நாங்கள் வெற்றிடம் என்று கோப்பில் எழுதிய இடம் அது.

இன்னொன்றையும் கவனித்தேன். எஞ்சிக் கிடந்த ஹாலோ பிளாக் கற்களைத்தான் அவர்கள் இருக்கையாக்கியிருந்தார்கள். நான் நின்றிருந்த அரைமணி நேரத்தில் நிழல் நகர, ஒவ்வொருவராக எழுந்து தத்தம் கல்லைத் தூக்கி ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நியூயார்க் நகரின் சிறு வெளிகளைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் என்பவர், அமர இடம் இருக்கும் இடத்திலேயே மக்கள் அமர்கிறார்கள் என்றும், நகர்த்தக்கூடிய நாற்காலிகளே சிறந்தவை என்றும் 1980இல் எழுதினார். அண்ணன் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர்களுக்கு அதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீடு திரும்பும்போது மனம் சொற்களிலேயே சுழன்றது. அது என் தொழிற்கோளாறு. இலவந்திகை என்பதற்கு உரைகாரர்கள் காவற்சோலை என்று பொருள் சொல்வார்கள். மதிலும் காவலும் உடையது, அரசனும் உரிமை மகளிரும் ஆடுவதற்குரியது. பொதுவானவர்க்குப் பழந்தமிழில் இருந்த இடம் வேறு. அதன் பெயர் மன்றம். ஊர் நடுவே ஒரு மரம், அதனடியில் வெறுந்தரை, அவ்வளவுதான். புறநானூற்றில் மன்றத்து வேம்பும் மன்றத்துப் பலாவும் வருகின்றன. அந்த மன்றத்திலும் எல்லாரும் ஒன்றாக அமர்ந்தார்களா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நானும் அங்கே பொற்காலம் எதையும் தேடவில்லை. ஆயினும் எங்கள் மூலையில் ஏற்கெனவே ஒரு மன்றம் இருந்தது. அதை இடித்துவிட்டு இலவந்திகை கேட்டு மனு எழுதியிருக்கிறேன். சுதமதியின் பட்டியலில் முதலில் தள்ளப்பட்டதும் இலவந்திகைதான். இருபதாண்டுகள் பாடம் நடத்தியவளுக்கு அது எழுதும்போது உறைக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். "நீங்களே எழுதிட்டு நீங்களே மாத்துறீங்களே மேடம்" என்றார் செயலாளர். அவர் கோபம் பொய்யில்லை. வீட்டுக்கடனில் பாதிச் சம்பளம் போகிறவர், இரவு ஒன்பதுக்கு மேல் மனைவியோடு நடக்க ஓர் இடம் கேட்கிறார். வேலைக்காரர்கள் உட்கார இடம் வேண்டுமென்றால் அதைச் செய்ய வேண்டியது அரசு என்றார் இன்னொருவர். இது அரசு நிலம்தான் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

இழுபறியை ஓரளவு தீர்த்துவைத்தவர் நிலத்தைப் பார்வையிட வந்த இளம் பெண் பொறியாளர். தானப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, வாயில் பொதுத்தெருவில்தான் இருக்க வேண்டும், உட்புறக் கதவு கூடவே கூடாது என்றார். மதிலுக்குப் பதிலாக இரண்டடிச் சுவரும் அதன்மேல் இரும்புக் கிராதியும் போதும் என்றார். தெருவிலிருந்து உள்ளே தெரிந்தால்தான் பெண்கள் வருவார்கள், மறைத்துக் கட்டினால் குடிப்பவர்கள்தான் வருவார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். எனக்கு உவவனத்துப் பளிக்கறை நினைவுக்கு வந்தது. உதயகுமரன் தேடிவரும்போது மணிமேகலை புகுந்து தாழிட்டுக்கொள்ளும் இடம் அது. உள்ளிருப்பவர் வெளியே தெரிவார், ஆனால் தொட முடியாது. நல்ல தீர்வு என்று மகிழ்ந்து மகளிடம் சொன்னேன். அவள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நானூத்தி எண்பது பால்கனியும் என்னையே பாத்துட்டிருக்கும். நான் வரல, நீ போ" என்றாள். பளிக்கறைக்குள் இருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை ஆண்டுகளில் ஒரு வகுப்பில்கூட நான் கேட்டதில்லை.

நேரம் மட்டும் மாறவில்லை. காவலுக்கு ஆள் ஒதுக்க இயலாது, ஆகவே மற்றப் பூங்காக்களைப் போலக் காலையும் மாலையும்தான் என்றார்கள். எட்டு வடிவப் பாதையும் வந்தது. சிமென்ட் இருக்கைகள் ஆறு. அவை பாதையை ஒட்டி இருந்தால்தான் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று வெட்டவெளியில் பதித்துவிட்டார்கள். புன்னைக் கன்றுகள் இடுப்பளவு நிற்கின்றன. அவை நிழல் தர ஐந்தாறு ஆண்டுகளாவது ஆகும். அறிவிப்புப் பலகையின் வாசகத்தை எழுதும் பணி வழக்கம்போல் எனக்கே வந்தது. தடைகள் பதினான்கு கொடுத்தார்கள், நான்காகக் குறைத்தேன். 'காலை 10 முதல் மாலை 4 வரை மூடப்பட்டிருக்கும்' என்னும் வரி என் தமிழிலேயே அங்கு நிற்கிறது.

தை மாதத்தில் திறந்தார்கள். காவலாள் இல்லாததால் வாயில் சாவியை, நாள் முழுதும் அங்கேயே நிற்பவர் என்று இஸ்திரிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர் இரவில் பூட்டுகிறார், காலையில் திறக்கிறார். பத்து மணிக்குத் தேய்க்கும் துணி அதிகம் போலும், அந்த நேரத்தில் மட்டும் அவருக்குச் சாவி நினைவுக்கு வருவதில்லை.

சென்ற வாரம் செயலாளர் வந்திருந்தார். பகலில் பூட்டுவதில்லை என்று அலுவலகத்துக்கு ஒரு மனு போட வேண்டுமாம், நல்ல தமிழில். தேர்வுத்தாள் திருத்தும் பணி தலைக்குமேல் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் எனக்குப் பிற்பகல் வகுப்பில்லை. இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். சிமென்ட் இருக்கைகள் ஆறும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வாரிக் கொட்டிவிட்டதாக ஒப்பந்தக்காரர் கணக்கெழுதிய ஹாலோ பிளாக் கற்கள் வேம்படிக்குத் திரும்பியிருந்தன. எங்கள் வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு காலேஜ் இல்லியா டீச்சரம்மா?" என்று கேட்டு, பக்கத்திலிருந்த கல்லிலிருந்து சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக் கீழே வைத்தார்.